பச்சிளம் குழந்தைகளின் கண்ணில் வெள்ளைப் படலம்... அம்மாக்களின் பேச்சில் கிடைத்த விடை! ரூபெல்லாவின் முகமூடியைக் கிழித்த நார்மன் கிரெக் யார்?

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. கண்ணைத் திறந்து பார்க்கிறது. ஆனால் கண்ணின் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய பாப்பா, பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வயதான தாத்தா பாட்டிக்கு வருகிற கண்புரை, தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு வந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்.

1941-ம் ஆண்டின் தொடக்கம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு கண் டாக்டரிடம் இப்படிப்பட்ட குழந்தைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரத் தொடங்கினார்கள். பிறவிக் கண்புரை அரிதான விஷயம். ஒரு டாக்டர் எப்போதாவது ஒரு குழந்தையைப் பார்ப்பார், அறுவை சிகிச்சை செய்வார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டு, பரம்பரை என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார். ஆனால் இப்போது ஒரே ஊரில், சில மாத இடைவெளியில் இத்தனை குழந்தைகளா?

அந்த டாக்டர் பெயர் நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக். அவர் ஃபைலை மூடவில்லை.

இன்று உங்கள் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எம்.ஆர் தடுப்பூசி போடுகிறார்கள் இல்லையா? அதில் 'எம்' என்பது மீசில்ஸ், அதாவது தட்டம்மை. 'ஆர்' என்பது ரூபெல்லா. அந்த 'ஆர்' ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான கதை இவரிடம் இருந்துதான் தொடங்குகிறது.

யார் இந்த கிரெக்?

1892 மார்ச் 7-ம் தேதி சிட்னியின் பர்வுட் பகுதியில் பிறந்தவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படிப்பில் கெட்டி, ஆனால் புத்தகப் புழு கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துக்காக கிரிக்கெட், டென்னிஸ் இரண்டிலும் ஆடியவர். முதல் உலகப் போர் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் டேவிஸ் கோப்பை டென்னிஸ் அணிக்கே போயிருப்பார் என்று சொல்வார்கள்.

போர் வந்தது. 1915-ல் டாக்டர் பட்டத்தை வாங்கிய கையோடு கப்பல் ஏறி, பிரிட்டிஷ் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஐரோப்பாவின் மேற்கு முனையில், பதுங்கு குழிகளுக்கு நடுவே அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை. அங்கே காட்டிய துணிச்சலுக்காக 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் கிடைத்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், கண் மருத்துவம் படிக்க மறுபடியும் இங்கிலாந்து போனார். 1923-ல் சிட்னியின் மெக்குவாரி தெருவில் கிளினிக் திறந்தார். (சிட்னியில் அந்தத் தெரு என்றாலே பெரிய டாக்டர்கள் தெரு என்று அர்த்தம்.) அதே ஆண்டு திருமணம், பின்னர் இரண்டு மகள்கள். ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையிலும், ராயல் அலெக்ஸாண்ட்ரா குழந்தைகள் மருத்துவமனையிலும் கண் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார்.

அதாவது 1941-ல் அவருக்கு 49 வயது. பேர் இருக்கு, வருமானம் இருக்கு. ஆய்வுக்கூடம் வைத்து ஆராய்ச்சி செய்கிற ஆள் கிடையாது. தினமும் நோயாளிகளைப் பார்க்கிற ஒரு கண் டாக்டர், அவ்வளவுதான்.

காத்திருப்பு அறையில் என்ன நடந்தது?

அந்தக் குழந்தைகளை கிரெக் கூர்ந்து பார்த்தார். எல்லாக் கண்புரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன: நடுவில் அடர்த்தியான வெள்ளை. சில குழந்தைகளுக்குக் கண்ணே வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. பாப்பாவை விரிக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்துக்கும் கண் சரியாக அசைந்து கொடுக்கவில்லை.

கண்ணோடு அது நிற்கவும் இல்லை. குழந்தைகள் எடை குறைவாக, நோஞ்சானாக இருந்தார்கள். பால் குடிக்க வைப்பதே பெரும்பாடு. பலருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு. இதயக் கோளாறு இருக்கிற கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து கண்ணில் கத்தி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவே வேண்டாம்.

பரம்பரை என்றால் ஒரு குடும்பம், ரெண்டு குடும்பம் சரி. ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே சமயத்தில், ஒரே மாதிரி எப்படி வரும்? இந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்.

விடை அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையிலேயே உட்கார்ந்திருந்தது. குழந்தைகளோடு வந்த அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது கிரெக்கின் காதில் விழுந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பமாக இருந்த ஆரம்பத்தில் தனக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாக ஓர் அம்மா சொல்ல, தனக்கும் வந்தது என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார்.

இது எவ்வளவு சாதாரணமான காட்சி என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரி வராண்டாவிலும் பெண்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை டாக்டர்கள் அதைக் காதில் வாங்குவார்கள்?

கிரெக் வாங்கினார். அடுத்து வந்த ஒவ்வொரு அம்மாவிடமும் அதையே கேட்டார். பழைய நோயாளிகளின் அம்மாக்களிடம் கேட்டார். பிறகு மற்ற கண் டாக்டர்களிடம், உங்களிடமும் இப்படிப்பட்ட குழந்தைகள் வந்தார்களா, வந்திருந்தால் அம்மாவிடம் இதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று விசாரித்தார்.

ஜெர்மன் தட்டம்மைன்னா என்ன?

ரூபெல்லாவின் பழைய பெயர்தான் அது. 18-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர்கள் இதைத் தனியாகப் பிரித்து எழுதியதால் வந்த பெயர். இதில் நமக்கும் ஒரு சின்ன சம்பந்தம் உண்டு. ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இந்தியாவில் ஒரு பள்ளியில் பரவிய இந்த நோயைப் பற்றி 1866-ல் எழுதியபோதுதான் ரூபெல்லா என்ற பெயரையே முன்வைத்தார்.

வந்தவருக்கு இது ஒரு பெரிய நோயே இல்லை. லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறிகட்டும், மூன்று நாள் சிவப்புத் தடிப்பு, அப்புறம் போய்விடும். நாலில் ஒருவருக்காவது தடிப்புகூட வராது. வந்ததே தெரியாமல் வந்து போகும். அதனால்தான் மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. பாடப் புத்தகத்தில் தட்டம்மைக்குப் பக்கத்தில் ஓரமாக நாலு வரி, அவ்வளவுதான்.

1940-ல் ஆஸ்திரேலியாவில் இந்த ரூபெல்லா பெரிய அளவில் பரவியது. இரண்டாம் உலகப் போருக்காக இளைஞர்களை ராணுவ முகாம்களில் கூட்டம் கூட்டமாகத் தங்க வைத்திருந்த நேரம். முகாமில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். லீவில் வீட்டுக்குப் போனால் மனைவிக்கும் வரும். மக்கள்தொகை குறைந்த தீவு நாடு என்பதால் அங்கே இந்த நோய் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெரிதாக வரும். ஆகவே சின்ன வயதில் ரூபெல்லா வராமலேயே, எதிர்ப்பு சக்தி இல்லாமலேயே வளர்ந்த இளம்பெண்கள் நிறைய பேர். அவர்களில் பலர் அப்போது கர்ப்பமாக இருந்தார்கள்.

78 குழந்தைகள், 68 அம்மாக்கள்

1941 அக்டோபர் 15. மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய கண் மருத்துவர்கள் சங்கக் கூட்டம். கிரெக் எழுந்து தன் கட்டுரையை வாசித்தார்.

மொத்தம் 78 குழந்தைகள். அதில் 13 பேர் அவரே நேரில் பார்த்தவர்கள். மற்றவர்கள் சக மருத்துவர்கள் தெரிவித்தவர்கள். இந்த 78 பேரில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. அதிலும் பெரும்பாலானோருக்கு முதல் அல்லது இரண்டாவது மாதத்தில். சிலருக்குக் கர்ப்பமாக இருப்பதே தெரியாத நேரம் அது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயக் கோளாறும் இருந்தது.

மீதி 10 அம்மாக்கள்? அவர்களுக்கு நினைவில்லை, அல்லது வரவில்லை என்றார்கள். தடிப்பே இல்லாமல் ரூபெல்லா வந்து போகும் என்று இன்று நமக்குத் தெரிவதால், அந்த 10 பேரிலும் சிலருக்கு வந்திருக்கலாம் என்று யோசிக்க முடிகிறது. அன்று அதைச் சோதிக்க எந்த வழியும் கிடையாது. ரத்தப் பரிசோதனை இல்லை. வைரஸை யாரும் பிரித்தெடுத்ததும் இல்லை. கிரெக்கிடம் இருந்த ஒரே கருவி அம்மாக்களின் ஞாபகம்தான்.

இந்தக் கட்டுரை ஏன் ஒரு வெடிகுண்டு? பிறவிக் குறைபாடு என்றால் ரத்தத்திலேயே இருப்பது, பரம்பரையாக வருவது என்பதுதான் அன்றைய மருத்துவத்தின் பொதுவான நம்பிக்கை. கருப்பைக்குள் இருக்கும் குழந்தையை நஞ்சுக்கொடி பத்திரமாகக் காப்பாற்றும். அம்மாவுக்கு வருகிற சின்னச் சின்ன நோயெல்லாம் உள்ளே போகாது என்று நினைத்தார்கள். அம்மா மூன்று நாளில் மறந்துபோகிற ஒரு நோய், உள்ளே இருக்கும் குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் சிதைக்கும் என்பது அதுவரை யாரும் சொல்லாதது.

காது விஷயத்தை யார் சொன்னது?

கிரெக் கண் டாக்டர். கண்ணைப் பார்த்தார், இதயத்தைக் கேட்டார். ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்னொரு பெரிய பிரச்னை இருந்தது, அது முதலில் அவர் கண்ணிலும் படவில்லை. சில மாதக் குழந்தைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று அன்றைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

அதையும் அம்மாக்கள்தான் கண்டுபிடித்தார்கள். கிரெக்கின் கண்டுபிடிப்பு பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. படித்த சில அம்மாக்கள் அவரையே தொடர்பு கொண்டார்கள். தங்களுக்கும் கர்ப்பத்தில் இந்த நோய் வந்தது, குழந்தைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காது கேட்கவில்லை என்றார்கள். கண் டாக்டரிடம் காதைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்களையும் கிரெக் தட்டிக்கழிக்கவில்லை. அதையும் விசாரித்தார், அதையும் எழுதினார்.

1943-ல் அடிலெய்ட் நகரில் சார்லஸ் ஸ்வான் தலைமையிலான குழு தனியாக ஓர் ஆய்வு செய்து, கிரெக் சொன்னது சரி என்று உறுதி செய்தது. கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை ஆகிய இந்த மூன்றும் சேர்ந்ததை மருத்துவ மாணவர்கள் இன்றும் கிரெக் பெயரில்தான் படிக்கிறார்கள்.

நம்ப மறுத்தது லண்டன்

ஆஸ்திரேலியாவில் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே? 1944-ல் உலகப் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழ், இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற தொனியில் தலையங்கம் எழுதியது.

கோபம் வருகிறதுதான். ஆனால் நியாயமாகச் சொன்னால், அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் விஷயமும் இருந்தது. கிரெக் பாதிக்கப்பட்ட குழந்தையில் ஆரம்பித்து பின்னோக்கிப் போனார். ரூபெல்லா வந்தும் நல்லபடியாகக் குழந்தை பெற்ற அம்மாக்கள் எத்தனை பேர்? அவர்கள் கண் டாக்டரிடம் வரவே மாட்டார்களே! அந்தக் கணக்கு இல்லாமல் ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது. ரூபெல்லா வந்த கர்ப்பிணிகளை முதலிலேயே பதிவு செய்து, பிரசவம் வரை பின்தொடர்ந்த ஆய்வுகள் பின்னர்தான் வந்தன.

இன்றைய கணக்கு இதுதான்: கர்ப்பத்தின் முதல் 12 வாரத்துக்குள் ரூபெல்லா வந்தால், குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 100-க்கு சுமார் 85. வாரங்கள் போகப் போக ஆபத்து குறையும். 20 வாரத்துக்குப் பிறகு மிகவும் குறைவு. முதல் மூன்று மாதம்தான் கண்டம் என்று கிரெக் சொன்னது அப்படியே நின்றது.

அந்தச் சந்தேகக் காலத்திலேயே உலகின் இன்னொரு மூலையில் ஒரு சம்பவம். ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னி, போர் வீரர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு பொழுதுபோக்கு விடுதியில் ரசிகர்களைச் சந்தித்தார். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். சில நாளில் ரூபெல்லா. 1943 அக்டோபரில் குறைமாதத்தில் பிறந்த மகளுக்குக் காது கேட்கவில்லை, கண்ணில் புரை, மனவளர்ச்சியும் பாதிப்பு. சில காலம் கழித்து ஒரு ரசிகை அவரைச் சந்தித்து, அன்று ராணுவ முகாமில் ரூபெல்லாவால் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள், உங்களைப் பார்க்கும் ஆசையில் தப்பித்து வந்தேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டியர்னி எதுவும் சொல்லாமல் திரும்பி நடந்தார் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சென்சஸ் புத்தகத்தில் ஒளிந்திருந்த ஆதாரம்

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

ஆலிவர் லங்காஸ்டர் என்று ஒரு ஆஸ்திரேலியப் புள்ளியியல் நிபுணர். கிரெக் சொல்வது உண்மை என்றால், 1940-க்கு முன்னால் ரூபெல்லா பரவிய காலங்களிலும் இப்படிக் குழந்தைகள் பிறந்திருக்க வேண்டுமே என்று யோசித்தார். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களை எடுத்தார். ஆஸ்திரேலிய சென்சஸில் காது கேளாதவர்களை வயது வாரியாகக் கணக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

1911 கணக்கெடுப்பில், 1890-களின் கடைசியில் பிறந்தவர்களில் மட்டும் காது கேளாதவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். 10 ஆண்டு கழித்து எடுத்த 1921 கணக்கெடுப்பிலும் அதே ஆண்டுகளில் பிறந்தவர்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றார்கள். அந்தக் காலகட்டத்தில் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பரவியிருந்தது.

காது கேளாமையே ஒரு கொள்ளை நோய் மாதிரி அலை அலையாக வந்திருக்கிறது. 1951-ல் லங்காஸ்டர் இதை வெளியிட்டார். ஆதாரம் அரசாங்கப் புத்தகத்தில் அச்சாகி 40 வருஷமாக அலமாரியில் இருந்தது. யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைகளைப் பெற்ற அம்மாக்கள், என்ன தப்பு செய்தோமோ என்று தங்களையே நொந்துகொண்டு வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

1953-ல் கிரெக்குக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

வைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது?

அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் ரூபெல்லா வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குள் போகிறது. அப்போது குழந்தையின் அளவு ஒரு பருப்பு அளவுதான் இருக்கும். ஆனால் அந்த வாரங்களில்தான் கண்ணின் லென்ஸ், இதயத்தின் அறைகள், உள்காது எல்லாம் உருவாகின்றன. வைரஸ் நுழைந்த செல்கள் பெருகுவது மந்தமாகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் சேதமாகின்றன. வீடு கட்டும்போது அஸ்திவாரம் போடுகிற நாளில் கொத்தனாரைத் தடுத்து நிறுத்தினால் எப்படியோ, அப்படி. அஸ்திவாரம், தூண் எல்லாம் எழுந்தபிறகு தடுத்தால் சேதம் குறைவு. முதல் மூன்று மாதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் இதுதான்.

பிறந்த பிறகும் வைரஸ் உடனே போய்விடுவதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் தொண்டையிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடம் வரைகூட வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் அப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் ஆபத்து. கண் லென்ஸுக்குள் மட்டும் இன்னும் நீண்ட காலம் வைரஸ் உயிரோடு பதுங்கி இருந்ததையும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள்.

கிரெக் பார்க்காத தடுப்பூசி

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தடுக்க வழி? 1940-களிலும் 50-களிலும் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே ரூபெல்லா வந்து போய்விடட்டும் என்று, நோய் வந்த குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தங்கள் பெண் பிள்ளைகளை வேண்டுமென்றே அனுப்பிய பெற்றோரும் உண்டு. கர்ப்பத்தில் நோய் வந்துவிட்டால், குழந்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வி. கருக்கலைப்பு பல நாடுகளில் சட்டவிரோதமாக இருந்த காலம் அது.

1962-ல்தான் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வைரஸைப் பிரித்தெடுத்தன. தடுப்பூசி தயாராவதற்குள் 1964-65-ல் அமெரிக்காவில் மாபெரும் அலை அடித்தது. சுமார் 1.25 கோடி பேருக்கு ரூபெல்லா. சுமார் 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தன. 2,000-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தன. கிரெக் மெல்போர்னில் எச்சரித்து 20 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலைமை.

1966 ஜூலை 27-ம் தேதி கிரெக் சிட்னியில் காலமானார். வயது 74. முதல் ரூபெல்லா தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1969-ல். மூன்றே ஆண்டு வித்தியாசம். 1971-ல் ஆஸ்திரேலியா தன் பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 2018-ல் அந்த நாட்டில் ரூபெல்லா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

சரி, அந்த முதல் குழந்தைகள் என்ன ஆனார்கள்? கிரெக் இறந்த மறு ஆண்டு சிட்னி மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரூபெல்லா பாதிப்போடு பிறந்த 50 பேரை, சுமார் 25 வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்திருந்தார்கள். அவர்களில் 48 பேருக்குக் காது கேட்பதில் பிரச்னை இருந்தது. ஆனால் பெரும்பாலானோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் டாக்டர்கள் பயந்த அளவுக்கு அவர்கள் உடைந்துபோகவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

நம்ம ஊரில் இது ஆஸ்திரேலியக் கதை மட்டும் இல்லை. 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த குழந்தைகளை மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒருவருக்குக் காரணம் ரூபெல்லா. கிரெக் மெல்போர்னில் பேசி 50 ஆண்டுகள் கழித்தும், தடுப்பூசி வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் இதுதான் நிலை. அப்போது நம் அரசின் இலவச தடுப்பூசிப் பட்டியலில் ரூபெல்லா கிடையாது. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் இந்தியாவில் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி. ஞாபகம் இருக்கா? வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பள்ளியில் ஊசி போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் நிறைய பேர். பிள்ளைக்கு வந்தால் மூன்று நாளில் போகிற நோய்க்கு எதற்கு ஊசி என்ற கேள்வியும் எழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊசி அந்தப் பிள்ளையை மட்டும் நினைத்துப் போடப்படுவதில்லை. அதே வீட்டில், அதே பஸ்ஸில், அதே வகுப்பில், தான் கர்ப்பமாக இருப்பது இன்னும் தெரியாத ஒரு அக்காவோ டீச்சரோ இருப்பார். அவர் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காகவும்தான் அது.

இப்போது அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எம்.ஆர் தடுப்பூசி இலவசம். முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவருக்கும் உண்டு. சின்ன வயதில் போட்டோமா இல்லையா என்று தெரியாத பெண்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கழித்தே கர்ப்பம் தரிக்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த ஊசியைப் போடக் கூடாது; பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை. கர்ப்ப காலத்தில் காய்ச்சலோடு தடிப்பு வந்தால், அம்மை என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கிரெக்குக்குக் கிடைக்காத ரத்தப் பரிசோதனை இன்று இருக்கிறது.